மாப்ளைக்கு ஒரு மலை

2024 பிப்ரவரிக் கடைசியில் ஒரு போன். அக்கா மகன். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து ஒன்பது மாசம் ஆகிறது. வயசு 22.

"மாமா, சிவராத்திரிக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவு. அம்மாவும் அப்பாவும் குலதெய்வம் கும்பிட வாராங்க. சாமி கும்பிட்டதும் நான் வடுகபட்டிக்கு வந்துடறேன். உங்க ஊர்ப்பக்கம் அட்வெஞ்சரா ஒரு இடம் சொல்லுங்க. கோயில், டேம், பார்க் எல்லாம் வேணாம்."

பூண்டுக்கு எந்தக் கடை என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். வடுகபட்டிக்காரன் பூண்டைத் தொட்டுப் பார்க்காமலே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். சாகசத்துக்கு இடம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. வீட்டு வாசலில் நின்றால் வடக்கே கொடைக்கானல் மலை. மேற்கே போனால் போடி மலை. தெற்கே இறங்கினால் மேகமலை. சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு, 'எந்த மலை' என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

"நீயே ஏதாச்சும் பாத்து வச்சிருப்பியே மாப்ளே?" என்றேன்.

பார்த்துத்தான் வைத்திருந்தான். அரை மணி நேரத்தில் என் செல்போனுக்கு ஒரு பட்டியல் வந்து விழுந்தது. 'தேனியில் தவறவிடக்கூடாத பத்து சாகசத் தலங்கள்.'

இந்தப் பட்டியல் இலக்கியத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். இதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் அது 'மினி சுவிட்சர்லாந்து'. மேகம் கொஞ்சம் தாழ்ந்தால் 'பூலோக சொர்க்கம்'. ரோடு மோசமாக இருந்தால் 'த்ரில்லிங் பயணம்'. சாப்பாடு கிடைக்காத ஊருக்கு 'கூட்டம் தீண்டாத அமைதி' என்று பெயர். படம் எல்லாமே ஒரே படம்தான்: விளிம்பில் ஒருத்தர் முதுகைக் காட்டி நிற்பார், எதிரே மேகம்.

நான் பத்து இடத்தையும் பொறுமையாகப் படித்தேன். சினிமா விமர்சனம் எழுதுகிறவன் மாதிரி ஓரத்தில் மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். மார்க் இடங்களுக்கு இல்லை, எழுதியவருக்கு.

முதலில் கும்பக்கரை. எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். பட்டியல் என்ன சொல்கிறது? 'குளுகுளு அருவி, குடும்பத்தோடு குளிக்க ஏற்ற இடம்.' சரிதான். ஆனால் அங்கே தண்ணீர் வருவது கொடைக்கானல் மலையில் இருந்து. மேலே வட்டக்கானல் பக்கம் மழை கொட்டினால், கீழே வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அங்கே பாறைக்குள் இருக்கும் ஆழமான பள்ளங்களை எங்கள் ஆட்கள் 'கஜம்' என்பார்கள். யானைக் கஜம், பாம்புக் கஜம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். பேர் வைத்தவர்கள் ஒரு எச்சரிக்கையாகத்தான் வைத்திருக்க வேண்டும். பட்டியலில் கஜமும் இல்லை, வெள்ளமும் இல்லை. பத்துக்கு மூன்று.

அடுத்தது மேகமலை. சின்னமனூரில் இருந்து ஏறும் வளைவுகளைப் பற்றி ஒரு பாரா வர்ணனை. 2021-ல் இருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கிற ஊர் இல்லை. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை இந்தப் பக்கம் வந்தபோது மேகமலைக்கு டூரிஸ்ட்டையே நிறுத்திவைத்தார்கள். அது மலையை விட்டு இறங்கி கம்பம் டவுன் தெருவில் ஓடியது. பார்த்த ஜனம் பக்கத்து வீட்டுக்குள் ஓடியது. பட்டியல்காரர் எழுதுகிறார்: 'அதிர்ஷ்டம் இருந்தால் யானைகளையும் காணலாம்.' யாருடைய அதிர்ஷ்டம்? பத்துக்கு இரண்டு.

மிச்சத்தை விடுங்கள். ஒன்பதாவது இடத்துக்கு வருகிறேன். ஏனென்றால் மாப்ளை அதற்குப் பக்கத்தில்தான் பச்சைக் கலரில் டிக் அடித்திருந்தான்.

கொழுக்குமலை.

'உலகத்தின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. சூரிய உதயம் மிஸ் பண்ணாதீர்கள். இரவு டென்ட்டில் தங்கி, காலையில் அப்படியே குரங்கணிக்கு நடந்து இறங்கினால் வாழ்நாள் அனுபவம்.'

கூடவே மாப்ளையின் மெசேஜ்: "மாமா, ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் நாலு பேர் வர்றாங்க. ஒருத்தருக்குக் கைடு தெரியுமாம். ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் பார்த்துக்கலாம்னு சொல்றார். ஞாயித்துக்கிழமை காலைல இறங்குறோம்."

நான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 10.

*

ஆறு வருஷத்துக்கு முன்னால், 2018 மார்ச் 11. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சென்னையில் இருந்து ஒரு குழு. அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் சரிவில் புல் பற்றிக்கொண்டது. அந்தத் தீ மொத்தம் 23 உயிரைக் குடித்தது. சிலர் அங்கேயே, மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில். பெரும்பாலும் இருபதுகளில், முப்பதுகளில் இருந்தவர்கள். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்தவர்கள். என் மாப்ளை மாதிரி.

விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோ வந்தார்கள், மந்திரிகள் வந்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் புகையைப் பார்த்துவிட்டு மலையேறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். போர்வையைக் கம்பில் கட்டி, இருட்டில், எரிந்தவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்தத் தோள்களைப் பற்றி எந்தப் பட்டியலும் எழுதவில்லை.

விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ். நியமிக்கப்பட்டார். வனச்சரகர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். குரங்கணியில் இருந்து டாப் ஸ்டேஷன் போக வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு கொழுக்குமலைப் பாதையில் போய்விட்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகளும் வந்தன.

ஆனால் எனக்கு உறுத்துவது அனுமதிச் சீட்டு இல்லை. மாசம்.

மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளைப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்புக்கு மேல் வளர்ந்து காய்ந்த புல். தூரத்தில் இருந்து பார்த்தால் பொன் நிறத்தில் வெல்வெட் மாதிரி இருக்கும். போட்டோவுக்கு அதைவிட அழகு கிடையாது. கையில் எடுத்துக் கசக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இன்னொரு விஷயம், சமதளத்தில் எரிகிற தீ வேறு, சரிவில் எரிகிற தீ வேறு. கீழே எரிவதன் சூடு மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துத் தயார் செய்துவிடும். அதனால் மேடு ஏற ஏற மனுஷனுக்கு வேகம் குறையும். தீக்கு வேகம் கூடும். தீயைப் பார்த்தால் மேலே ஓடத்தான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் அது முந்திக்கொள்ளும்.

இதெல்லாம் மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. 'பத்து இடங்கள்' எழுதுகிறவருக்குத் தெரியாது. அவரைத்தான் லட்சம் பேர் படிக்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டில் கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று. இன்றைக்குக் கடன் இல்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டால் பொறுப்பு வந்து சேரும் என்று அர்த்தம். ஒழுங்கான ஆடிட்டர் முதலில் அதைத்தான் படிப்பார். நம் சாகசப் பட்டியல்களில் வரவு மட்டும்தான் இருக்கிறது. சூரிய உதயம் வரவு, மேகம் வரவு, டென்ட் வரவு. எந்த மாசம் போகக்கூடாது, வழியில் தண்ணீர் எங்கே, அனுமதி யார் கொடுப்பது, விழுந்தால் யார் தூக்குவது, செல்போன் எங்கே எடுக்காது... இந்தச் சின்ன எழுத்தையே காணோம். படித்த பத்து இடத்தில் ஒன்றில்கூட 'மார்ச்' என்ற வார்த்தை இல்லை. கொழுக்குமலைக்கு நான் போட்டது முட்டை.

மாப்ளைக்குப் போன் போட்டு, "இறங்குறது கிடையாது" என்றேன்.

"மாமா, அது எப்பவோ நடந்தது. ஒரு ஆக்சிடென்ட். ரோட்லகூடத்தான் ஆக்சிடென்ட் ஆகுது. பைக் ஓட்டாம இருக்கோமா?"

நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சும்மா பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்கிற மாமன்கள் பண்ணிய பாவம்தான், நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் போனது. மலைக்கே போகாதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. அவனைவிட மூன்று வயசு குறைவாக இருந்தபோது கும்பக்கரையில் நான் பண்ணாத சேட்டை இல்லை.

"நீ வா. பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

*

சனிக்கிழமை காலையில் வந்தான். நண்பர்கள் நேராக மூணாறு போய்விட்டார்களாம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டான்.

"அம்மாச்சி, நீங்க சொல்லுங்க. மலைக்குப் போறது தப்பா?"

என் அம்மாவுக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. "மலைல எதுக்குய்யா சும்மா நடக்குறீக? ஏலம் பறிக்கப் போவாக, விறகு பொறுக்கப் போவாக. வேல இல்லாம மலைக்குப் போறவுகள இப்பத்தான் பாக்குறேன்."

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அவனை உட்காரவைத்து ஒரு படம் போட்டேன். 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி டைரக்ஷன், விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை. 2018 ஆகஸ்ட் 24-ல் ரிலீஸ் ஆனது. அதாவது, குரங்கணித் தீக்கு ஐந்து மாசம் கழித்து. தீக்கும் படத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதற்கு முன்னாலேயே எடுத்து முடித்த படம். ஆனால் இரண்டும் ஒரே மலையைப் பற்றியவை. ஒரே வருஷத்தில் நமக்கு அந்த மலை இரண்டு தடவை காட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காக. ரங்கசாமி என்று ஒருத்தன். ஆன்டனி நடித்திருப்பார். ஏலத்தோட்டத்தில் இருந்து மூட்டையைத் தலையில் சுமந்து கீழே இறக்குவது தொழில். ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் கனவு. படத்தின் முற்பாதியில் பெரிதாக ஒன்றும் 'நடக்காது'. ஆட்கள் இருட்டோடு எழுந்திருக்கிறார்கள், மலையேறுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள், இறங்குகிறார்கள். தேனி ஈஸ்வரின் கேமரா அவர்கள் கூடவே நடக்கிறது. எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும், எங்கே சுமையை இறக்கிவைக்கலாம், எந்தப் பாறையில் சாமி இருக்கிறது என்பதெல்லாம் நமக்கே தெரிந்துவிடும். பாதையைக் கதாபாத்திரமாக வைத்து இவ்வளவு பொறுமையாக ஒரு தமிழ்ப் படம் எடுத்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

குறையும் உண்டு. சங்கம், முதலாளி, கட்சி என்று கதை அடிவாரத்துக்கு வந்ததும் கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. மலையில் யாரும் சொல்லாமலே புரிந்த விஷயத்தைக் கீழே எல்லோரும் சொல்லிக் காட்டுகிறார்கள். முடிவை இங்கே எழுதுகிறேன், பார்க்காதவர்கள் இந்த வரியைத் தாண்டிவிடுங்கள்: நிலம் வாங்கி, கடனில் இழந்து, அதே நிலத்தில் முளைத்த காற்றாலைக்கு ரங்கசாமி வாட்ச்மேனாக உட்கார்ந்திருப்பான்.

மாப்ளை முதல் இருபது நிமிஷம் செல்போனை நோண்டினான். அப்புறம் நோண்டவில்லை. நடுவில் ஒரு இடம் வரும். நிலம் வாங்குவதற்காகச் சேர்த்துவைத்த ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு, பிரிந்து, சிதறிப் போகும். அங்கே "அய்யோ" என்றான்.

படம் முடிந்ததும் கேட்டான். "இவங்க தினம் நடக்கிறாங்க. இவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?"

"ஆகுது. பேப்பர்ல வராது."

இன்னொன்றும் சொன்னேன். நீங்கள் சாகசப் பாதை என்று காசு கொடுத்து நடக்கிறது எல்லாமே யாரோ மூட்டை சுமந்த பாதைதான். மூணாறில் தேயிலை போட்ட வெள்ளைக்காரக் கம்பெனி 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம் போட்டது. 1908-ல் அது குட்டி ரயில் ஆனது. டாப் ஸ்டேஷனில் இருந்து குரங்கணிக்குப் பக்கத்தில் கொட்டகுடிக்கு ரோப்வே. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இறங்கி, போடி போகும். ரோப்வேயின் மேல் ஸ்டேஷன் என்பதால்தான் அதற்கு டாப் ஸ்டேஷன் என்று பேர். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு அங்கே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தருக்கு இது தெரிந்தால் அதிகம்.

"சரி, கொழுக்குமலைக்காவது போலாமா? இறங்க மாட்டேன். சும்மா பாக்கிறேன்" என்றான்.

இது நியாயமான பேரம்.

*

கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவில் சூரியநெல்லி போய் அங்கே ஜீப் பிடிக்க வேண்டும். நம் மலை, அவர்கள் ஜீப். பங்காளிக்கு வீடும் மாமனுக்கு வாசலும் மாதிரி.

மத்தியானம் மூன்று மணிக்கு வடுகபட்டியில் கிளம்பினோம். தேனி, போடி தாண்டி மலையேறும்போது எதிரே ஜீப் ஜீப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. பம்பரும் நம்பரும் தெரியாத அளவுக்கு ஆள். கேரளா ஏலத்தோட்டங்களில் கூலி வேலை முடித்துவிட்டு இறங்குகிற பெண்கள். காலையில் விடியுமுன் ஏறியவர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று வாசல். தினமும் ஆயிரக்கணக்கான பேர் இப்படித்தான் ஏறி இறங்குகிறார்கள். தலைச்சுமைப் பாதை போய் ஜீப் வந்துவிட்டது. அவ்வப்போது ஜீப்பே உருண்டு செய்தி வருகிறது.

"ரங்கசாமியோட பொண்டாட்டி, புள்ளைங்க" என்றான் மாப்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி சூரியநெல்லியில் தங்கி, விடிகாலை நான்கு மணிக்கு ஜீப். இதையும் விமர்சனம் பண்ணிவிடுகிறேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம். பாதையில் பாறை கிடக்கிறது என்று சொல்ல முடியாது, பாறைதான் பாதை. தலை கூரையில் இடிக்கும், முதுகு சீட்டில் இடிக்கும், பக்கத்தில் இருப்பவர் மேல் நீங்கள் இடிப்பீர்கள். முன்னால் ஜீப், பின்னால் ஜீப், மலை முழுக்க ஹெட்லைட் வரிசை. திருவண்ணாமலை தீபத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி. ஏழாயிரம் அடிக்கு மேலே, இருட்டில், மூன்று பாஷையில் "தள்ளி நில்லுங்க" கேட்கிறது. சாகசம் என்று இதைச் சொல்ல மாட்டேன். டிரைவருக்கு வேண்டுமானால் சாகசம்.

ஆனால் சூரியன் வந்தான். அதைக் குறை சொல்லி எழுத என்னால் முடியாது. கீழே மேகம் பாலாடை மாதிரி கிடந்தது. ஓரமாகச் சிவந்து, திடீரென்று மொத்தமும் பற்றிக்கொண்டது. மூன்று பாஷையும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தது.

கூட்டம் டீ குடிக்கப் போன பிறகு, கிழக்குச் சரிவு தெரிகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். மேகம் கலைந்து, கீழே போடிப் பக்கம் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது.

"எங்க மாமா அது?"

கையைக் காட்டினேன். காட்டினேனே தவிர, அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு மழைக்காலம் போதும், புல் மறுபடி முளைத்துவிடும். இதற்குள் ஆறு மழைக்காலம் போய்விட்டது. சரிவு முழுக்கப் பொன் நிறம். காற்றுக்கு அலை அலையாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

மாப்ளை குனிந்து ஓரத்தில் இருந்த புல்லில் ஒரு கொத்தைப் பிடித்துக் கசக்கினான். கையை விரித்துப் பார்த்தான். உதறிவிட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். போட்டோ எடுக்கவில்லை.

அன்றைக்கு அவனுடைய நண்பர்கள் இறங்கினார்களா? இறங்கினார்கள். அனுமதி எல்லாம் 'பார்த்துக்கொண்டார்கள்'. ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ஐந்து பேரும் சிரிக்கிற படம் வந்தது. ஒரு முதுகு, எதிரே பள்ளத்தாக்கு. மாப்ளை அதை என்னிடம் காட்டினான். "பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு வந்தது. ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்களிடம் விவாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. நான் முயற்சி பண்ணவும் இல்லை.

*

அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு. கூட நடக்க, காட்டை ஒட்டி வாழ்கிற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். குரங்கணியில் இருந்து கிளம்பும் ஒரு பாதையும் உண்டு. கட்டணம் சில பாதைகளுக்கு ஆயிரங்களில் போகிறது. மதுரை, தேனியில் இருக்கிற காலேஜ் பையன் தன் மாவட்டத்து மலையில் நடக்க அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பது எனக்கு நெருடல்தான். இருந்தாலும், காட்டுத்தீ சீசன் என்று பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடுகிறார்களே, அதற்காகவே பத்துக்கு ஆறு போடுவேன். யாரோ ஒருத்தர் கடைசியில் மாசத்தை எழுதியிருக்கிறார்!

ஒழுங்கான விதிக்கும் ஆபத்து மிச்சம் இருக்கும் என்பதும் உண்மை. 2024 ஜூனில் உத்தராகண்டில் சகஸ்த்ர தாலுக்குப் போன கர்நாடகக் குழுவில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். பெங்களூரில் மாப்ளை ஆபீசில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சாம். அன்று ராத்திரி அவனே போன் பண்ணினான். ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்தச் சரிவு ஞாபகம் வந்துச்சு மாமா" என்றான்.

அப்போதுதான் அவனுக்கு வெள்ளகவி பற்றிச் சொன்னேன். பட்டியல் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

ரோடு போடுவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு வழியே பெரியகுளம் பக்கம்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிய காலத்தில் இருந்து, 1910-களில் காட் ரோடு வருகிற வரைக்கும் துரைமார், துரைசானிமார் எல்லோரும் அடிவாரத்தில் இருந்து குதிரையிலோ, நாற்காலியில் உட்கார்ந்து நம் ஆட்கள் தோளிலோதான் ஏறினார்கள். பியானோ முதற்கொண்டு எல்லாச் சாமானும் தோள்தான் என்று சின்ன வயசில் நான் கேட்ட கதை. கும்பக்கரையில் இருந்து இன்னொரு பழைய ஒற்றையடிப் பாதை. அது நடுமலையில் வெள்ளகவி என்ற ஊர் வழியாக வட்டக்கானலுக்கு ஏறும். தலைமுறை தலைமுறையாக ரோடு பார்க்காமல் வாழ்ந்த ஊர். அரிசி, பருப்பு குதிரை முதுகில் ஏறும். காப்பி, பழம் இறங்கும். நோயாளி டோலியில் இறங்குவார். வீடுகளுக்கு நடுவே சாமிகள் இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. போகிற நாமும் ஊர் எல்லையில் கழற்றிவிட வேண்டும்.

"அதுல என்ன அட்வெஞ்சர்?" என்று கேட்பான் என்று நினைத்தேன்.

"எந்த மாசம் போகலாம் மாமா?" என்று கேட்டான்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். வெள்ளகவியைப் பற்றி என்னைவிட அம்மாவுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அங்கிருந்து சரக்கோடு இறங்குகிறவர்கள் எங்கள் தெருவில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களாம்.

"ஐப்பசி கார்த்திகைல வேண்டாய்யா, அட்டை புடுங்கிரும். பாறையும் வழுக்கும். தை பொறக்கட்டும். மாசிக்குள்ள போயிட்டு வந்துரணும், அப்புறம் காடு காஞ்சு போகும். பாரஸ்டுக்காரவுகள்ட்ட உங்க மாமன் மொதல்ல எழுதி வாங்கட்டும். ஊருக்குள்ள வெறுங்காலோட நடக்கணும், முள்ளு குத்துச்சுன்னு மூஞ்சியத் தூக்கப்படாது. அங்க ஆருக்காச்சும் தலவலி மாத்திர, காச்ச மாத்திர வேணுமான்னு கேட்டு வாங்கிட்டுப் போ. வெறுங்கையோட போகாத."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான்.

"உப்பா? நான் பொட்டலம் கட்டித் தாரேன்யா. அட்டை எங்கிட்டாவது ஒண்ணு ரெண்டு கெடக்கும்" என்றாள் அம்மா.